ஓடக்கூடாத டிஸ்க்

பழுது பார்ப்பவர் என்று ஒரு ரகம் உண்டு. அவரைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர் வருவார், திருகாணியைக் கழற்றுவார், சரி செய்வார், போய்விடுவார். நாம் பார்க்கப்போவது பழுது சொல்பவரை. இவர் எதையும் கழற்ற மாட்டார். கழற்றாமலே சொல்லிவிடுவார்: “இது அதுல ஓடாது.” இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகவே பிறவி எடுத்து, சொல்வதற்குத் தோதான ஒரு பொருள் உலகத்தில் வராதா என்று பாதி ஆயுள் ஏங்கிக் கிடந்து, கடைசியில் வீட்டிலேயே படம் பதிந்துகொள்ளும் டிவிடி டிஸ்க் கடைக்கு வந்த அன்றைக்கு ஜென்மம் கடைத்தேறியவர்கள் உங்கள் தெருவில் ஒருவர், உங்கள் ஆபீசில் ஒருவர், பிறந்த வழியிலோ கட்டிக்கொண்ட வழியிலோ உங்கள் குடும்பத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு பாகப்பிரிவினைக் கதையை முதலில் சொல்லியாக வேண்டும். கடையில் விற்கும் சினிமா டிவிடி எந்தப் பிளேயரில் போட்டாலும் ஓடும். நாமே பதிந்துகொள்ளும் வெற்று டிஸ்க் இருக்கிறதே, அது அப்படியல்ல. அதில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் பெயர் மைனஸ், தம்பி பெயர் பிளஸ். பார்வைக்கு ஒரே அச்சு. அதே வட்டம், அதே ஓட்டை, அதே பளபளப்பு. ஆனால் சொத்துத் தகராறில் பிரிந்தவர்கள். அண்ணனைச் சேர்க்கும் வீட்டில் தம்பிக்கு இடமில்லை, தம்பிக்கு நாற்காலி போட்ட வீட்டில் அண்ணனுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. போதாக்குறைக்கு அழித்து அழித்து எழுதலாம் என்று ஆளுக்கொரு பிள்ளை வேறு. பழைய பிளேயர்களுக்கு இதில் யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்பது அவற்றுக்கே தெரியாது. பின்னால் வந்த பிளேயர்கள் எல்லாரையும் வா என்று சேர்த்துக்கொண்டன. அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நீங்கள் நினைத்தால், பிரச்சினையை நம்பிப் பிழைப்பவர்களை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம்.

நம் கைக்கு வாகாகக் கிடைத்திருக்கும் ஆசாமியைக் குடும்பத்தில் பிளஸ்மைனஸ் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை. மின்சார மீட்டர்களைச் சோதித்துப் பார்க்கும் ஆபீசில் அவர் மேற்பார்வையாளர். அங்கே நீளமான மேசையில் மீட்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இவர் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, தலையைச் சாய்த்து, உதட்டைப் பிதுக்கி, ஓடுகிற மீட்டரை ஓடவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பும் அதிகாரம் படைத்தவர். சரி, இப்பேர்ப்பட்ட அதிகாரம் சாயங்காலம் ஆபீஸ் கதவைச் சாத்திய பிறகு என்ன செய்யும், எங்கே போகும்? சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போகும்.

அவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களைப் பார்க்க மாட்டார். “வாங்க, வாங்க” என்று நீங்கள் நீட்டும் கையை லேசாக ஒதுக்கிவிட்டு நேரே டிவிக்குக் கீழே இருக்கும் பிளேயரிடம் போவார். குனிவார். அதன் முதுகைத் திருப்பி அங்கே ஒட்டியிருக்கும் பொடி எழுத்தை மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டப் போய்ப் படிப்பார். பிறகு ஒரு “ச்சு” கொட்டுவார். துக்க வீட்டில்கூட அவ்வளவு உருக்கமான “ச்சு” கேட்க முடியாது. உங்கள் பிள்ளை பரீட்சையில் தேறியது, உங்கள் மனைவிக்கு மூட்டுவலி, நீங்களே வேலையை விட்டுவிட்டது எல்லாம் அதற்குப் பிறகுதான், அதுவும் அவருக்கு நேரம் இருந்தால்.

டிஸ்க்கை அவர் பிடிக்கும் அழகைப் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் ஓரத்தில் மட்டும் தொட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, ஊதா அடிக்கிறதா பச்சை அடிக்கிறதா என்று பார்ப்பார். “எத்தனை ஸ்பீடுல எழுதினீங்க?” என்பார். உங்களுக்குத் தெரியாது. “முடிச்சு மூடினீங்களா?” என்பார். எதை மூடுவது, அதுவும் தெரியாது. “அதான்!” என்பார். இந்த “அதான்” இருக்கிறதே, அதற்குள் உங்கள் படிப்பு, வளர்ப்பு, எதிர்காலம் மூன்றும் அடக்கம். வீட்டுப் பெண்கள் வழக்கப்படி எல்லாவற்றையும் சிடி என்று சொல்லித் தொலைத்தால், “சிடி இல்லைம்மா, டிவிடி” என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வார். வலி.

எல்லாவற்றையும் விட விசேஷம் ஒன்று உண்டு. இவர் படம் பார்ப்பதே இல்லை. சோதிப்பார். டிஸ்க்கைப் போட்டு, ஓடுகிறதா என்று ஆரம்பத்தில் கொஞ்சம், தாண்டித் தாண்டி நடுவில் கொஞ்சம், விளிம்பில் திணறுகிறதா என்று கடைசியில் கொஞ்சம். அதுவும் சத்தத்தை அடைத்துவிட்டு. ஏன் என்று கேட்டால், “சத்தம் வந்தா கதையில கவனம் போயிடும், டிஸ்க்கைக் கவனிக்க முடியாது” என்பார். அவர் மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் மாத்திரைப் பெயர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு படம் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவள். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ படங்களில் கதாநாயகி அழுவதைப் பார்த்துவிட்டாள். ஏன் அழுகிறாள் என்பது மட்டும் இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிதான். சிரிக்க முடியாமல் ஆனது அவருடைய அக்கா வீட்டு விஷயத்தில்.

அக்காவின் வீட்டுக்காரர், இவருக்கு அத்தான், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். மைதானத்தின் இந்த மூலையில் நின்று அவர் ஒரு அதட்டுப் போட்டால் அந்த மூலையில் பந்து தானாக நிற்கும் என்று பையன்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது, குரல் பிழைக்கவில்லை. இப்போது அவருக்கு மேசைதான் வாய். விரல் முட்டியால் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை, சரமாரியாகத் தட்டினால் கோபம். வாசலையே அவர் தாண்டுவதில்லை. அவரை விட்டு அக்காவும் தாண்டுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தபோது அக்கா அவரைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினாள்.

“டேய், அவர் குரல் எனக்கு மறந்துக்கிட்டே வருதுடா. ‘குடையை எடுத்துக்கோ’ன்னு சொல்வாரில்ல? சொன்னது ஞாபகம் இருக்கு. ஆனா அதை நினைச்சா என் குரல்லயே கேக்குது. அவர் குரல்ல வர மாட்டேங்குது.”

பிளஸ்மைனஸுக்கு அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தது உண்மை, அதில் பொய் சொல்லக் கூடாது. மனிதர் கெட்டவர் இல்லை.

“நீ முதல் முதல்ல வீடியோ கேமரா வாங்கிட்டு வந்து, எங்க வீட்டு மேசையில வச்சு ஓட விட்டியே, ஒரு மணி நேரம் ஓடுச்சே. அதுல அவர் பேசினாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அது உன்கிட்ட இருக்காடா?”

“இருக்குக்கா. கேமராவும் போச்சு, டேப்பும் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிட்டேன். பத்திரமா இருக்கு.”

அக்கா குழாயை மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதை ஒரு சிடியில போட்டுக் குடுடா. அவரும் கேக்கட்டும்.”

பிளஸ்மைனஸ் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு கேட்டார்: “உங்க பிளேயர் என்ன மாடல்?”

அடுத்த ஞாயிறு டிஸ்க் வந்தது. ஆனால் பிளேயருக்குள் போகவில்லை. அவர் அவசரத்தில் கையில் கிடைத்த பிளஸ் டிஸ்க்கில் எழுதிக் கொண்டுவந்துவிட்டார். போன வாரம் அக்காவின் கண்ணீரில் மாடலைப் பார்க்க விட்டுப்போனதால், வந்த பிறகுதான் வழக்கப்படி பிளேயரின் முதுகைத் திருப்பிப் படித்தார். “ச்சு” கொட்டினார்.

“இது ஆதிகாலத்துப் பிளேயர்க்கா. பிளஸ் டிஸ்க்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே பிறந்தது. இதுல அது ஓடவே ஓடாது.”

“போட்டுத்தான் பாரேன்டா.”

“போட்டா லென்ஸ் திணறும். திணறித் திணறி லென்ஸே போயிடும். அப்புறம் எந்த டிஸ்க்கும் ஓடாது. மைனஸ்ல எழுதி அடுத்த வாரம் கொண்டு வர்றேன்.”

“அப்ப இது?”

“அதைத் தூக்கிப் போடு. இல்லேன்னா டம்ளருக்கு அடியில வச்சுக்கோ.”

அக்கா எதையும் தூக்கிப் போடும் வம்சம் இல்லை. டிஸ்க் அத்தானின் நாற்காலிக்குப் பக்கத்து மேசையில், அவருடைய தண்ணீர் டம்ளருக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அத்தான் அதைப் பார்த்தார், மைத்துனரைப் பார்த்தார், மேசையை ஒரு முறை தட்டினார். ஆமாம் என்று எதற்குச் சொன்னார் என்பது யாருக்கும் விளங்கவில்லை.

மைனஸ் டிஸ்க் வந்தது. பிளேயர் அதை விழுங்கி, உள்ளே கரகரவென்று கொஞ்ச நேரம் மென்று பார்த்துவிட்டு, டிஸ்க்கே இல்லை என்று முகப்பில் எழுதிக் காட்டியது. பிளஸ்மைனஸ் அசரவில்லை. எழுதிய வேகம் ஜாஸ்தி என்றார். அடுத்த வாரம் ஆமை வேகத்தில் எழுதிக் கொண்டுவந்தார். அதையும் பிளேயர் இல்லை என்றது. டிஸ்க்கின் சாயம் சரியில்லை என்றார். வேறு சாயம் வந்தது. மேலே பேர் எழுதி ஒட்டிய காகிதத்தின் கனம்தான் சுற்றும்போது இழுக்கிறது என்றார். ஒட்டாத டிஸ்க் வந்தது. அழித்து எழுதும் ரகத்தை ஒரு நப்பாசையில் கொண்டுவந்து, அது ஓடாது என்று தனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொல்லி, அது ஓடாமல் போனதும் பரம திருப்தியோடு எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கவனித்தீர்களா? இந்த ரகத்துக்கு டிஸ்க் ஓடினால் வருவது நிம்மதி. ஓடாது என்று தான் சொன்ன டிஸ்க் ஓடாமல் போனால் வருவதோ ஆனந்தம்.

ஒவ்வொரு தடவையும் ஏன் ஓடவில்லை என்பதை அத்தானுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து விளக்குவார். அத்தானைப் போல ஒரு ரசிகர் அவருக்கு ஆயுளில் வாய்த்ததில்லை. குறுக்கே ஒரு வார்த்தை கிடையாது. சரமாரியாக மேசையைத் தட்டினால், ஆர்வத்தில் தட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்வார்.

வீட்டில் மனைவி கேட்காமல் இல்லை.

“ஏங்க, நம்ம வீட்டுப் பிளேயரைத் தூக்கிட்டுப் போய் அங்க வச்சா ஓடுமில்ல?”

“ஓடும்.”

“அப்புறம் என்ன?”

“அது தீர்வு இல்லை. அது தப்பிக்கிறது.”

“உங்க அக்காவுக்குத் தீர்வு வேணுமா, அவங்க வீட்டுக்காரர் குரல் வேணுமா?”

பிளஸ்மைனஸ் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “நாளைக்கு நம்ம பிளேயர் போச்சுன்னு வை. அப்ப என்ன பண்ணுவாங்க? எழுதினா எந்தப் பிளேயர்லயும் ஓடற மாதிரி எழுதணும். அதுதான் டிஸ்க். மத்ததெல்லாம் வெறும் பிளாஸ்டிக்.”

“ஓடுச்சா ஓடலையான்னு மட்டும் ஒரு நாளைக்குச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். அவருக்குச் சங்கடமாக இருக்கவில்லை. பெரிய காரியங்களைச் செய்கிறவர்களை வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்வதில்லை என்று எங்கோ கேட்டிருந்தார்.

அப்படியே எத்தனையோ ஞாயிறுகள் ஓடிவிட்டன; டிஸ்க் மட்டும் ஓடவில்லை. கடைசியில் ஒரு நாள் அக்கா மறுபடியும் அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். இந்தத் தடவை குழாயைத் திறக்கவில்லை.

“இனிமே கொண்டு வராதடா.”

“ஏன்க்கா? அடுத்த வாரம் கட்டாயம்...”

“நீ வர்ற ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவர் குளிச்சு, சட்டையை மாத்திக்கிட்டு வந்து டிவி முன்னாடி உக்காருறார். யாரோ ஊர்லேருந்து வர்ற மாதிரி. நீ போன அப்புறம் அந்தச் சட்டையைக் கழட்டி மடிச்சு வைக்கிறாரு பாரு, அதை என்னால பார்க்க முடியலை. விட்டுடு. மறந்தா மறந்துட்டுப் போறேன்.”

பிளஸ்மைனஸ் ஒன்றும் பேசாமல் படியிறங்கினார். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு இடத்தைவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் அந்தச் சட்டை மனசை உறுத்திக்கொண்டே வந்தது. தன் பிளேயரைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். வீட்டு வாசல் வந்ததும், எழுதுவதற்கு முன்னால் டிஸ்க்கை ஒரு நாள் பூட்டிய அலமாரியில் இருட்டில் வைத்திருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. தோன்றினால் விடுகிற ஆளா?

அடுத்த ஞாயிறு, வராதே என்று சொன்ன வீட்டுக்கு, இருட்டில் வைத்து எடுத்த டிஸ்க்கோடு அவர் படியேறிக்கொண்டிருந்தார். பாதிப் படியில் அக்கா வீட்டுக்குள்ளிருந்து ஒரு பேச்சுக் குரல் கேட்டது. ஆண் குரல். வீடியோ கேமராக்களில் பெரிய கேசட்டில் படம் எத்தனை தெளிவு, சின்னக் கேசட்டில் எத்தனை தெளிவு, சின்னதைப் பெரிய டெக்கில் போட்டால் ஏன் ஓடாது என்று அக்குவேறு ஆணிவேறாக அந்தக் குரல் அலசிக்கொண்டிருந்தது. பிளஸ்மைனஸ் நின்று கேட்டார். முகம் மலர்ந்தது. பரவாயில்லையே, விஷயம் தெரிந்த ஆள் யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்தார். இன்னும் இரண்டு படி ஏறிய பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் இதே அறை, இதே மேசை. பக்கவாட்டில் கொஞ்சம் இளமையான பிளஸ்மைனஸ், கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே அத்தான், முழுத் தொண்டையோடு, பேசாமல் உட்கார்ந்திருந்தார். டிவிக்கு வெளியே இன்றைய அத்தான், சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் தண்ணீர் டம்ளர் வெறும் பலகை மேல் நின்றது.

“அக்கா, எது ஓடுது?”

“நீ முதல் முதல்ல கொண்டு வந்தது.” அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “டம்ளரை எடுத்துட்டு, சட்டையில துடைச்சு, அவரே கொண்டு போய்ப் போட்டாரு. ஓடுச்சு.”

பிளஸ்மைனஸ் டம்ளரையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் தங்கத் தகட்டில் பொறித்து இந்த ரகத்தின் நெற்றியில் ஒட்டிவிடலாம்.

“இது ஓடக் கூடாதே!”

ஓடுகிறதே என்று இல்லை. ஓடக் கூடாதே என்று. செத்துப்போனதாகத் தான் சான்றிதழ் எழுதிக் கொடுத்த ஆள் எழுந்து வந்து தண்ணீர் கேட்டால் டாக்டர் பார்க்கும் பார்வை அது. நேரே பிளேயரிடம் போனார்.

“ஒரு நிமிஷம் வெளிய எடுத்துப் பார்த்துடறேன்க்கா. ஏதோ தப்பு நடந்திருக்கு.”

“கையை வச்சேன்னா பாரு!”

“இல்லக்கா, கீறல் வேற விழுந்திருக்கும், லென்ஸ்...”

அவர் விரல் பொத்தானுக்குக் கிட்டப் போய்விட்டது. நாற்காலியிலிருந்து எட்டி அத்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஓங்கிக் கூப்பிட முடியாத மனிதருக்குக் கையில் அத்தனை பலம் மிச்சமிருந்தது. அதே நேரம் டிவியில் அக்கா சமையலறை வாசலில் வந்து நின்று வாயைத் திறப்பதும், பிளஸ்மைனஸ் அதைக் கவனியாமல் சின்னக் கேசட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே போவதும் தெரிந்தது. அப்போது டிவியிலிருந்து அந்தக் குரல் வந்தது. மைதானத்தில் பந்தை நிறுத்தும் குரல், வீட்டுக்காகப் பாதியாகக் குறைத்து வைத்த குரல்.

“மாப்ளே, கொஞ்சம் பேசாம இருங்க. அவ என்னமோ சொல்ல வர்றா.”

டிவியில் இருந்த பிளஸ்மைனஸ் வாயை மூடினார். டிவிக்கு வெளியே இருந்தவரும் மூடினார்.

டிவியில் அக்கா சொன்னாள்: “ஒண்ணுமில்ல. உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டே நின்னேன், அடுப்புல பால் பொங்கிடுச்சு.”

அவ்வளவுதான். சின்னக் கேசட் மறுபடி ஆரம்பமாகிவிட்டது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில், “இதான். இதான்டா அவர் குரல்” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. அத்தான் மணிக்கட்டை விடவில்லை, விட மறந்துவிட்டார். தன் குரலைத் தானே கேட்ட அந்த முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் பிளஸ்மைனஸ் தரையைப் பார்த்தார்.

“இன்னும் எங்கெல்லாம் பேசறாருடா?” என்று அக்கா கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. எத்தனை டிஸ்க்கில் எழுதினார், எத்தனை வீட்டுப் பிளேயரில் சோதித்தார்! ஒரு தடவைகூடச் சத்தம் வைத்து முழுசாகக் கேட்டதில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டார்கள். பதிவு முடியும்வரை கேட்டார்கள். பிளஸ்மைனஸ் பேசினார். பேட்டரி பற்றிப் பேசினார், துணிப்பை பற்றிப் பேசினார், கடைக்காரனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பேசினார். ஓரிடத்தில் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, விரலைத் தூக்கி, வாயைத் திறந்தார். அக்கா முன்னால் சாய்ந்தாள். “அது அப்படியில்ல அத்தான்” என்று டிவியில் இருந்த பிளஸ்மைனஸ் முந்திக்கொண்டார். அத்தான் விரலை மடக்கிக்கொண்டார். பிறகு கடைசிவரை அவர் வாயைத் திறக்கவே இல்லை.

ஒரு மணி நேரப் பதிவில் அந்த மனிதரின் குரல் அந்த ஓரிடத்தில்தான் இருந்தது. மற்றதெல்லாம் இவர்.

பிளஸ்மைனஸுக்கு அவமானமாக இருந்தது. நிஜமாகவே இருந்தது, காது மடல் சுட்டது. ஏதாவது சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தொண்டையைச் செருமினார். அக்கா திரும்பிப் பார்த்தாள். அத்தான் திரும்பிப் பார்த்தார். மனசு முழுக்க வருத்தம்தான் இருந்தது. ஆனால் வாய்க்குப் பழக்கமான வழி ஒன்றுதானே?

“கவனிச்சீங்களா அத்தான்? உதடு முன்னாடி அசையுது, சத்தம் கொஞ்சம் பின்னாடி வருது. அது ஏன்னா...”

அத்தான் ரிமோட்டை எடுத்தார். நிதானமாகப் பின்னால் ஓட்டினார். சரியான இடத்தில் விட்டார்.

“மாப்ளே, கொஞ்சம் பேசாம இருங்க.”

ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அத்தானுடைய தோள் குலுங்கியது, சத்தமில்லாத சிரிப்பு. மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஆமாம்.

அன்றிலிருந்து டிஸ்க் அந்த வாக்கியத்துக்கு முன்னால் நிறுத்தியே வைத்திருக்கிறது, ரிமோட் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மருந்து எழுதித் தர வரும் டாக்டர் கூடுதலாக ஒரு வாக்கியம் புத்தி சொன்னால் பொத்தான் அமுங்கும். மேல்மாடி வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி விவகாரத்தை மூன்றாவது தடவை ஆரம்பித்தால் அமுங்கும். அக்கா மூச்சுவிடாமல் பேசும் நாட்களில் அவளுக்கும் அமுங்கும், அவள், “நான்தான்யா சொல்ல வர்றேன்!” என்று சண்டைக்குப் போவாள். மனிதருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. ஒரே வாக்கியம்தான், ஆனால் குடும்பத்தில் காலம் தள்ள அதற்கு மேல் எத்தனை வாக்கியம் வேண்டும்? அக்காவுக்கு இப்போது குடையை எடுத்துக்கொள்ளச் சொல்வதும் அவர் குரலிலேயே கேட்கிறதாம்.

பிளஸ்மைனஸ் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? இந்த ரகம் திருந்தியதாகச் சரித்திரம் உண்டா? அந்த டிஸ்க் ஓடிய மர்மத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆபீசில் மீட்டர்களுக்கு நடுவே நின்று அகப்பட்டவர்களுக்கெல்லாம் விளக்குகிறார்: “எழுதின மெஷின் அந்த பிளஸ் டிஸ்க் மேல, இது கடையில வித்த சினிமா டிஸ்க்னு தானாவே ஒரு பொய்யை எழுதி வச்சிருக்கு சார். பிளேயர் அதை நம்பி உள்ள விட்டிருக்கு. இது அப்பவே எனக்குத் தோணுச்சு.” அக்கா வீட்டுக்கு மட்டும் போனால் அடக்கம். ஒரே ஒரு தடவை, “அந்த டிஸ்க் எப்ப வேணும்னாலும் போயிடும், வேற ரகத்துல ஒரு நகல்...” என்று ஆரம்பித்தார். சட்டைப் பைக்குள் கை போவதைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். இப்போது படம் சோதிக்கும்போது சத்தத்தை அடைப்பதில்லை என்று அவர் மனைவி சொல்கிறாள். போன வாரம் ஒரு கதாநாயகி ஏன் அழுதாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம்.

நல்ல வேளை, நாம் அந்த மாதிரி ஆள் இல்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறீர்கள். உட்காருங்கள். அதற்கு முன் ஒன்றே ஒன்று. ஆரம்பத்தில் மைனஸ் அண்ணன், பிளஸ் தம்பி, இரண்டே பேர்தான் என்று படித்தபோது, “அது அப்படியில்லையே, டிவிடி-ராம் என்று மூன்றாவதாக இன்னொருவனும் அந்தக் குடும்பத்தில் உண்டே, அவனை விட்டுவிட்டார்களே” என்று உங்கள் உதடு அசைந்ததா? அசையவில்லை என்றால் சரி. டிஸ்க் விஷயத்தில் இல்லாவிட்டாலும் காய்ச்சல் மாத்திரை, கார் டயர், குறுக்கு வழி என்று வேறு எதிலோ அசைந்திருக்கும், இல்லையா? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பாருங்கள். கதவோரம் வந்து நின்று, வெகு நேரமாக உங்களிடம் யாரோ என்னமோ சொல்ல வருகிறார்கள்.